டாம், ஜெர்ரியின் முதல் படம்: சில திருத்தங்களும் ஒரு வேண்டுகோளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன் படங்களைப் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சிறுவர் பகுதியில் ஒரு முழுப் பக்கத்தை இந்தக் கலைக்கு ஒதுக்கியதற்காக முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆயினும், அத்தொடரை உருவாக்கியவர் ஃபிரெட் குவிம்பி என்று கட்டுரை கூறுகிறது. டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் முதல் படத்திலேயே வந்துவிட்டன என்றும் கூறுகிறது. இவை இரண்டும் பிழை. அவற்றைக் காட்டிலும் என்னை வருத்தியது கட்டுரையின் பிற்பகுதியில் வரும் ஒரு வரி. 1940-இல் வெளிவந்த அந்த முதல் படத்தைக் 'கதை என்று எதுவும் இல்லாத வெறும் துரத்தல்' என்று கட்டுரையாளர் தள்ளிவிட்டார். பல ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து, அந்தப் படத்தை மாணவர்களுக்குப் பாடமாகவே காட்டி வந்தவன் என்ற முறையில், அந்த வரியை மறுத்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

'புஸ் கெட்ஸ் தி பூட்' என்ற அந்தக் குறும்படத்தை அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம் 1940 பிப்ரவரி 10 அன்று வெளியிட்டது. ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஓடும் படம். அதில் வரும் பூனையின் பெயர் ஜாஸ்பர். எலியைப் படத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தொடக்கத்தில் பூனையின் கை முழுவதுமாக ஓங்கியிருக்கிறது. எலியின் வாலைப் பிடித்துக்கொண்டு, ஓடவிடுவது போல் விட்டு, மறுபடி இழுத்து, அதன் தவிப்பைப் பார்த்து மகிழ்கிறது. அது போதாதென்று, மையைத் தொட்டுச் சுவரில் ஒரு பொந்தை வரைந்து வைக்கிறது. உயிர் பிழைத்தோம் என்று அந்தப் பொந்தை நோக்கிப் பாயும் எலி சுவரில் மோதி விழுகிறது. மயக்கம் தெளிந்த எலி பூனையின் கண்ணில் ஒரு குத்து விட்டுவிட்டு ஓட, ஆத்திரத்தில் துரத்தும் பூனை பூந்தொட்டி வைத்த தூணில் மோதி அதை உடைத்துவிடுகிறது. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்று நாம் சொல்வதற்கு அச்சாக அமைந்த பகுதி இது. கட்டுரையாளர் இதுவரைக்கும் உள்ள பகுதியை மட்டும் மனத்தில் வைத்து எழுதினாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால், கதை தொடங்குவதே இதற்குப் பிறகுதான். சத்தம் கேட்டு வரும் பணிப்பெண், இன்னும் ஒரு பொருள் உடைந்தால் வீட்டை விட்டு வெளியேற்றிவிடுவேன் என்று பூனையை எச்சரித்துவிட்டுப் போகிறார். எலியும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மறுபடி துரத்த வரும் பூனையின் முன்னால், மேசை விளிம்பில் நின்றபடி ஒரு கண்ணாடிக் கோப்பையை வெளியே நீட்டிப் பிடிக்கிறது. பூனை அப்படியே நின்றுவிடுகிறது. எலியின் உடல் பலம் கூடவில்லை, பூனையின் நகம் மழுங்கவில்லை, அறையில் ஒரு பொருளும் இடம் மாறவில்லை. ஆனாலும், அதுவரை நடுங்கியது எலி என்றால், அந்தக் கணத்திலிருந்து நடுங்குவது பூனை. பணிப்பெண் விதித்த ஒரு நிபந்தனை, அதை விதித்தவர் நினைத்தே பாராத விதத்தில், எளியதன் கையில் ஆயுதமாகிவிட்டது. இதைக் கதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அதன் பிறகு வருவதில் பெரும்பகுதி துரத்தலே அல்ல. துரத்த முடியாமல் ஒரு பூனை படும் பாடு. எலி எதைத் தூக்கிப் போட்டாலும் ஓசை எழாதபடி பூனை மெத்தைகளையும் திண்டுகளையும் கொண்டுவந்து தரையில் பரப்புகிறது. எலி ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் தட்டுகளைத் தரையில் விழாமல் பிடித்துப் பிடித்து, கடைசியில் கை நிறையத் தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு அசையவும் வழியில்லாமல் நிற்கிறது. எதிரி கண்ணெதிரே இருக்கிறான், கை நீட்டினால் பிடித்துவிடலாம், ஆனால் கை காலியாக இல்லை. முடிவில் தட்டுகள் நொறுங்குகின்றன, பூனை வெளியேற்றப்படுகிறது, எலி தன் பொந்தின் வாசலில் 'இல்லம் இனிய இல்லம்' என்னும் பொருளுள்ள பலகையை வைத்துவிட்டு உள்ளே போகிறது. பின்னால் வந்த படங்களில் எத்தனையோ முறை நாம் கண்ட நிலைமை, அதாவது இருவருக்கும் மேலே மூன்றாவதாக ஒருவர் இருப்பதும், அவருடைய கோபத்தை எதிராளியின் பக்கம் திருப்பிவிடுபவரே அன்றைய வெற்றியைப் பெறுவதும், இந்த முதல் படத்திலேயே முழு உருவத்தோடு இருக்கிறது. பிற்காலத்தில் அந்த மூன்றாம் இடத்துக்கு ஸ்பைக் என்ற புல்டாக் நாய் வந்தது. ஆள் மாறினாலும் கதையின் அச்சு மாறவில்லை.

வகுப்பில் நான் இந்தக் கோப்பைக் காட்சியை நிறுத்தி வைத்து, பூனை எந்த இடத்தில் அஞ்சத் தொடங்குகிறது என்று கேட்பது வழக்கம். கோப்பை மேசை விளிம்பைத் தாண்டிய இடத்தில் என்று பிள்ளைகள் தயங்காமல் சொல்வார்கள். பிறகு ஒரு மேசையையும் ஒரு கோப்பையையும் மட்டும் வரையச் சொல்வேன். மேசையின் நடுவில் இருக்கும் கோப்பை வெறும் பொருள். அதையே விளிம்பில், அடிப்பாகத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வரைந்தால், பூனையும் எலியும் இல்லாமலே பார்ப்பவரின் மனம் பதறுகிறது. எழுத்தும் பேச்சும் இல்லாமல், ஒரு கோட்டை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதாலேயே கதை சொல்லிவிட முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைகளுக்கு உணர்த்தக்கூடிய ஒரு காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னணி இசையை அமைத்தவர் ஸ்காட் பிராட்லி. பூனை எடுத்து வைக்கும் அடிக்கு ஓர் இசைக்குறிப்பு, எலி எகிறிக் குதிப்பதற்கு வேறொன்று என்று உருவத்தின் அசைவோடு பிணைந்து வரும் இசை அவருடையது. இந்தப் படத்தின் கதைக்கு அது மிகவும் தேவையான பிணைப்பு. ஏனென்றால், இங்கே நீதிபதியாக இருப்பதே ஓசைதான். ஒரு பொருள் உடையும் சத்தம் கேட்டால் தீர்ப்பு வந்துவிடும் என்பதால், சத்தம் வந்துவிடாமல் இருக்க வேண்டும் என்று பூனையோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஒலியை அணைத்துவிட்டு இதே காட்சிகளைப் பார்த்தால் சிரிப்பு பாதியாகக் குறைந்துவிடுவதைப் பல முறை சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

உருவங்கள் இன்று நாம் அறிந்தவற்றைப் போல் இல்லை என்பது உண்மைதான். ஜாஸ்பரின் உடல் முழுவதும் கலைந்த மயிர், முகத்தில் நிறைய சுருக்கம். பெரும்பாலும் நிஜப் பூனையைப் போலவே நான்கு காலில் நடக்கிறது. படங்கள் தொடரத் தொடர அந்த மயிரும் சுருக்கமும் குறைந்து, புருவம் அழுத்தமாகி, பூனை மனிதனைப் போல இரண்டு காலில் எழுந்து நின்றுவிட்டது. நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில் ஒன்பது நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 13,000 சட்டங்கள் தேவை. ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும், அசையும் ஒவ்வோர் உருவத்துக்கும் ஆயிரக்கணக்கில் கையால் வரைந்து, செல்லுலாய்டுத் தாளில் படியெடுத்து, வண்ணம் தீட்டியாக வேண்டும். ஒவ்வொரு மயிர்க்கோட்டையும் அத்தனை முறை வரைவது எத்தகைய உழைப்பு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள், பிற்கால டாமின் எளிய வடிவத்தையும் மதிப்பார்கள், முதல் ஜாஸ்பரின் அடர்ந்த வடிவத்தையும் மதிப்பார்கள்.

இனி, இதைப் படைத்தவர்கள் யார் என்ற விஷயத்துக்கு வருகிறேன். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இருவர்தான் அவர்கள். பார்பெரா நியூயார்க்கில் வங்கி எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து அனுப்பியவர். கதையை விரைவான படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுவதில் வல்லவர். ஹன்னாவின் பலம் இசையும் நேரக்கணக்கும். ஓர் அசைவு எத்தனை சட்டங்களில் முடிய வேண்டும், ஓர் அடி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அவர். பிற்காலப் படங்களில் டாம் வலி தாங்காமல் எழுப்பும் அந்தப் புகழ்பெற்ற அலறலும் ஹன்னாவின் சொந்தக் குரலே. இருவரும் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவில் பணிக்குச் சேர்ந்த காலத்தில் அந்தப் பிரிவு தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தது. 'கேப்டன் அண்ட் தி கிட்ஸ்' என்ற தொடர் மக்களிடம் எடுபடாமல் போய்விட்டது. அந்தச் சூழலில் இவர்கள் பூனையும் எலியும் என்று ஒரு யோசனையைச் சொன்னபோது, எத்தனையோ முறை அரைத்த மாவு என்றே உடன் பணிபுரிந்தவர்கள் நினைத்தார்கள்.

படம் வெளிவந்தபோது அதன் தலைப்பு அட்டையில் இந்த இருவருடைய பெயரும் இல்லை. அந்தப் பிரிவுக்குள் அவர்கள் பணியாற்றிய குழுவுக்குப் பொறுப்பாளராக இருந்த ருடால்ஃப் ஐசிங்கின் பெயர் மட்டுமே இருந்தது. ஐசிங் சாதாரண ஆள் இல்லை. வால்ட் டிஸ்னியோடு கான்சாஸ் நகரத்தில் பணியாற்றி, பின்னர் ஹியூ ஹார்மனோடு சேர்ந்து 'லூனி டியூன்ஸ்' தொடரைத் தொடங்கி வைத்தவர். அவருடைய தகுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் படத்தின் கதையும் இயக்கமும் ஹன்னா, பார்பெரா இருவருடையவை. அந்த ஆண்டு கார்ட்டூன் குறும்படத்துக்கான ஆஸ்கார் போட்டியில் மூன்றே படங்கள் இருந்தன. ஒன்று இந்தப் படம்; இன்னொன்று பக்ஸ் பன்னி முயலைத் தன் முழுக் குணத்தோடு உலகுக்குக் காட்டிய 'எ வைல்ட் ஹேர்'; மூன்றாவது ஐசிங்கே இயக்கிய 'தி மில்கி வே'. விருது மூன்றாவதற்குப் போனது. அதுவரை ஆண்டுதோறும் டிஸ்னி மட்டுமே பெற்று வந்த விருதை வேறொரு நிறுவனம் பெற்றது அதுவே முதல் முறை. அந்த வெற்றி பெரியதுதான். ஆயினும் அன்று தோற்ற இரண்டு படங்களின் நாயகர்களைத்தான் இன்றைக்கும் உலகின் எந்த மூலையிலும் குழந்தைகள் அடையாளம் சொல்கிறார்கள்.

கட்டுரையாளர் குறிப்பிட்ட ஃபிரெட் குவிம்பி, அந்தக் கார்ட்டூன் பிரிவின் தலைவர், தயாரிப்பாளர். திரைப்பட விற்பனைத் துறையிலிருந்து வந்தவர். ஓவியரோ இயக்குநரோ அல்லர். முதல் படம் நல்ல வரவேற்பைப் பெற்ற பிறகும், ஒரே சோடியை நம்பி இருக்க வேண்டாம் என்று அவர் இருவரையும் வேறு படங்களுக்கு அனுப்பிவிட்டார். அவர்களும் அந்த இடைவெளியில் பூனையும் எலியும் இல்லாத சில குறும்படங்களை எடுத்தார்கள்; அவற்றை இன்று ஆய்வாளர்களைத் தவிர யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அந்த நிலையை மாற்றியது ஒரு கடிதம். டெக்சாஸ் மாநிலத்தின் திரையரங்கு வட்டாரத்தில் செல்வாக்கோடு இருந்த பெஸ்ஸா ஷார்ட் என்ற பெண்மணி, அந்தப் பூனை எலிப் படங்கள் இன்னும் வருமா என்று கேட்டு எழுதினார். படங்களைத் திரையிடுபவரின் கேள்வியை ஒரு விற்பனையாளரால் அலட்சியம் செய்ய முடியாது. குவிம்பி சம்மதித்தார். வெளியிலிருந்து ஒருவர் நேரம் ஒதுக்கி எழுதிய கடிதத்தால் ஒரு கலைப்படைப்பு உயிர் பிழைத்தது என்பது, வாசகர் கடிதங்களுக்குத் தொடர்ந்து இடம் கொடுத்து வரும் தங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பெயர்கள் வந்ததும் அப்போதுதான். தொடராக எடுப்பது என்று முடிவான பின், நிறுவனத்துக்குள்ளேயே பெயர் சூட்டும் போட்டி நடந்தது. ஜான் கார் என்ற அனிமேஷன் ஓவியர் டாம், ஜெர்ரி என்ற பெயர்களைச் சொல்லி 50 டாலர் பரிசு பெற்றார். 1941 ஜூலை 19 அன்று வெளியான 'தி மிட்நைட் ஸ்நாக்' என்ற இரண்டாவது படத்தில்தான் ஜாஸ்பர் டாம் ஆனது, பெயரில்லாத எலி ஜெர்ரி ஆனது. 1958 வரை ஹன்னாவும் பார்பெராவும் இத்தொடரில் 114 படங்களை இயக்கினார்கள். அவற்றுள் ஏழு ஆஸ்கார் விருது பெற்றன. அந்த விருதுகள் தயாரிப்பாளர் என்ற முறையில் குவிம்பியின் பெயருக்கே வழங்கப்பட்டன. அவருடைய பெயர் திரையில் பெரிய எழுத்தில் தனியே வருவதால், உலகெங்கும் பலர் அவரையே படைப்பாளி என்று எண்ணிவிட்டார்கள். ஆகவே கட்டுரையாளர் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு நாளிதழ் அதே எண்ணத்தை மறுபடி அச்சிட்டால், எண்பது ஆண்டுகளுக்கு முன் தலைப்பு அட்டையில் நேர்ந்த விடுபடல் இங்கேயும் ஒரு முறை நேர்ந்ததாக ஆகிவிடுகிறது.

முதல் படத்தைப் பாராட்டும்போது மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. எச்சரிக்கை விடுக்கும் அந்தப் பணிப்பெண் ஒரு கறுப்பினப் பெண். காலும் காலணியும் பாவாடையும்தான் நமக்குக் காட்டப்படுகின்றன. வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும், பருத்த உடலும் கொச்சைப் பேச்சும் கொண்ட கறுப்பினப் பெண் என்பது அன்றைய ஹாலிவுட் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய வார்ப்பு. இந்தப் படம் வெளியான அதே 1940 பிப்ரவரியில், 29-ஆம் நாள், அத்தகைய ஒரு பணிப்பெண் வேடத்துக்காக ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கார் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்; அந்த விழாவிலேயே அவரைத் தனி மேசையில்தான் உட்கார வைத்தார்கள். நம் படத்தின் பணிப்பெண்ணுக்குக் குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப். வானொலி நாடகங்களில் பெயர் பெற்ற, நேரக்கணக்கு தவறாத நடிகை. ஹன்னா, பார்பெராவின் பெயரைப் போலவே அவருடைய பெயரும் திரையில் வரவில்லை. அவர்களுக்காவது பின்னாளில் அது கிடைத்தது.

கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகள் இந்தப் பாத்திரத்தை எதிர்த்தன. 1952-க்குப் பிறகு அது தொடரில் இல்லை. 1960-களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அந்தக் கால்களை அழித்து வெள்ளைக்காரப் பெண்ணின் கால்களை வரைந்தார்கள், குரலையும் மாற்றினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படி மாற்றியதால் இழிவு நீங்கவில்லை. லில்லியன் ராண்டால்ஃபின் குரல்தான் நீங்கியது. படத்தை அது வந்தபடியே காட்டி, அன்றைக்கு இப்படிக் காட்டியது அநீதி என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதே சரி. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் முகத்தை ஏன் காட்டவில்லை என்று அவர்களே முதலில் கேட்டுவிடுகிறார்கள்.

வன்முறை பற்றிக் கட்டுரையாளர் எழுப்பிய கவலையைப் பெற்றோர் பலரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை அறிவேன். பிற்காலப் படங்களில் வெடியும் சம்மட்டியும் மிகுந்துவிட்டன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் படத்துக்கு அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவாகப் பொருந்தாது. அதில் பூனை அஞ்சுவது அடிக்கு அல்ல, இருக்க இடம் இல்லாமல் போய்விடுவதற்கு.

ஆகவே தங்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். டாம் அண்ட் ஜெர்ரி தொடரைப் படைத்தவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்பதையும், அந்தப் பெயர்கள் 1941-இல் வந்த இரண்டாம் படத்தில்தான் சூட்டப்பட்டன என்பதையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தமாக வெளியிட வேண்டும். திருத்தத்தைப் பெரியவர்களுக்கான பக்கத்தில் போடாமல், கட்டுரை வந்த சிறுவர் பக்கத்திலேயே வெளியிட்டால் படித்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். இனிமேல் கார்ட்டூன் படங்களைப் பற்றி எழுதும்போதும், முழுநீளத் திரைப்படங்களுக்குத் தாங்கள் தவறாமல் செய்வதைப் போல, இயக்குநர், இசையமைப்பாளர், குரல் கொடுத்தவர், வெளியான ஆண்டு ஆகியவற்றை ஒரு சிறு கட்டமாகவாவது சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.